பிரெஞ்சு ஆல்பக் கச்சேரிக்குத் திருநெல்வேலியிலிருந்து போவது எப்படி

முதலில் கச்சேரி டிக்கெட், அப்புறம் விசா, கடைசியில்தான் விமானம். இந்த வரிசையை மாற்றிவிட்டால் பணமும் போகும், மனசும் நொந்து போகும்.

பெரிய பாப் பாடகி ஒருவர் பிரெஞ்சில் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு ஐரோப்பாவில் சுற்றப் போகிறார் என்றால், அது எப்போதாவதுதான் நடக்கும். மற்ற கச்சேரிகளில் பிரெஞ்சுப் பாட்டு நாலைந்து வந்தாலே அதிகம், இதில் இரவு முழுக்க அந்த மொழிதான். கனடாப் பாடகி செலின் டியோன் 1995இல் வெளியிட்ட 'டெ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர் ழான்-ழாக் கோல்ட்மான், பிரெஞ்சு மொழியில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். அந்தச் சுற்றில், 1995 அக்டோபரில், பாரிஸ் செனித் அரங்கில் பாடியதைப் பதிவு செய்து 1996இல் 'லைவ் ஆ பாரி' என்று தனியாக வெளியிட்டார்கள். பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டுத்தான், ஒரு நாள் இப்படி ஒரு கூட்டத்துக்குள் நாமும் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

சரி, டிக்கெட். பாரிஸில் காலை 10 மணிக்கு விற்பனை தொடங்குகிறது என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதற்கு முந்தின நாளே வங்கிச் செயலியில் போய் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பையும் கூட்டி வையுங்கள், அந்த நேரத்தில் பணம் போகாமல் நின்றால் இடம் கை நழுவிவிடும். திரையில் 'ஃபோஸ்' என்று வந்தால் மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் இடம், 'கிராதேன்' என்றால் படிக்கட்டு மாதிரி அடுக்கிய இருக்கைகள், 'கோம்ப்ளே' என்றால் எல்லாம் விற்றாயிற்று. ஃபோஸில் நல்ல இடம் வேண்டுமானால் மத்தியானமே போய் வரிசையில் நிற்க வேண்டும், முட்டிவலி இருப்பவர்கள் இருக்கையே எடுங்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே போடுங்கள், நம் ஊர் இனிஷியல் குழப்பம் அங்கே வாசலில் சொல்லிப் புரிய வைக்க முடியாது. தெரியாத ஆளிடம் மறுவிற்பனை டிக்கெட் வாங்கவே வேண்டாம். அமைப்பாளரின் அனுமதி இல்லாமல் அதைத் தொழிலாகச் செய்வது பிரான்சில் 2012 முதல் குற்றம்.

பாரிஸ் கிடைக்கவில்லையா, விடாதீர்கள். பிரெஞ்சு ஆல்பம் என்றால் பிரஸ்ஸல்ஸ், ஜெனிவா, லியோன், லீல் ஊர்களிலும் தேதி இருக்க வாய்ப்புண்டு. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஜெனிவாவுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து மூன்றுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இதில் பலர் தவறு செய்கிறார்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. நான் சொல்வது மூன்று மாதம் முன்பு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முதல் முறை என்றால் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை, வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம். ஒரு தடவை கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும். வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், தங்கும் இடத்தின் பதிவு, இவற்றோடு கச்சேரி டிக்கெட்டையும் வையுங்கள், போகிற காரணத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எனக்கு ஒரு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த காப்பீடு நான் திரும்பும் தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே முடிந்திருந்தது, மையத்தில் உட்கார்ந்துதான் அதைப் பார்த்தேன், அவசரமாகப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. தேதியை நீங்களே சரிபாருங்கள்.

விமானத்துக்குச் சென்னைதான் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் நமக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் இருக்கிறது, அங்கிருந்து தோஹா, துபாய், அபுதாபி வழியாகப் பாரிஸ் போய்விடலாம். விசா கைக்கு வருமுன் விமானம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டையே எடுங்கள்.

இதற்கு நடுவில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, பாட்டைப் பழகுவது. "ஏல, மொழியே தெரியாத பாட்டுக்கு எதுக்குல இவ்ளோ துட்டு?" என்று பெரியப்பா கேட்டார். கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர் அவர். பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் கூட்டம் அடுத்த வரியைப் பிடிக்கிற சுகம் அவருக்கே தெரியும், பிரெஞ்சுக் கூட்டமும் அப்படித்தான், பாடகி மைக்கை நீட்டினால் ஒரு சரணம் முழுக்கப் பாடிவிடுவார்கள். அதனால் ஆல்பத்தில் மூன்று பாட்டின் பல்லவியையாவது வாயில் வருகிற மாதிரி பழகுங்கள். அர்த்தம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓசை. சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. ஆனால் பேசும்போது விழுங்கிவிடும் கடைசி 'எ'கரத்தைப் பாடும்போது பல இடங்களில் அரை மாத்திரைக்கு இழுப்பார்கள், நம் குற்றியலுகரம் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். மூக்கொலிகளை 'ங்' என்று முடிக்காமல், மூக்கில் தொடங்கி அப்படியே விட்டுவிட வேண்டும். எழுதிப் பழகினால் நிற்காது, ரயிலில் முணுமுணுத்தால் நிற்கும். 'டெ' என்ற தலைப்பையே பாருங்கள், எழுத்தில் 'அவர்களைப் பற்றி' என்று பொருள், காதில் விழுவதோ 'இரண்டு' என்ற சொல். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் ஓசை பழகினால்தான் ரசிக்கும்.

கச்சேரி அன்று பெரிய பை வேண்டாம், அல்வாவை அறையிலேயே வைத்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வது வழக்கம். முதலில் வேறொருவர் அரை மணி நேரம் பாடுவார், அதற்கு 'பிரமியேர் பார்த்தி' என்று பெயர். எல்லாம் முடிந்து விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள், கூட்டம் காலால் தரையைத் தட்டிக் கூப்பிடும், பாடகி திரும்பி வருவார். இதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஆங்கோர்' பிரெஞ்சுச் சொல்தான், ஆனால் இந்தத் திரும்பி வருதலை அவர்கள் சொல்வது 'ரப்பெல்'. அதற்கப்புறம் அரங்கின் விளக்குகள் முழுக்க எரிந்தால்தான் உண்மையில் முடிந்தது. செனித் அரங்கு என்றால் போர்த் தெ பான்தேன் நிலையத்தில் 5ஆம் எண் மெட்ரோ, வார நாளில் இரவு ஒன்றே கால் வரை ஓடும், வெள்ளி சனியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல்.