தாயகம் திரும்பிய குடும்பங்களின் ஆவணங்களைக் காப்பகத்தில் சேர்க்கும் முறை

இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மதுரைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் கடவுச்சீட்டுகளும், குடும்ப அட்டைகளும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எடுத்த நிழற்படங்களும் இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க விரும்புவோர், முதலில் அவற்றைச் சீர்செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். லேமினேஷன் செய்தால் பின்னர் பிரிக்க இயலாது. செலோடேப்பின் பசையோ மஞ்சளாகித் தாளையே கறைப்படுத்திவிடும். கட்டின் வரிசையைக் கலைக்காமல், படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், உத்தேச ஆண்டு ஆகியவற்றை மெதுவாக எழுதி, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிக்கவும்.

தாளைவிட விரைவாக மறைவது முதியோரின் நினைவு என்பதால், உண்மையில் அவர்கள் பேச்சின் ஒலிப்பதிவைத்தான் முதலில் தொடங்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு (மதுரை வெயிலில் இது கொடுமைதான்), "அப்பத்தா, பெட்டியில் எதை வைத்தீர்கள், எதை விட்டுவந்தீர்கள்?" என்பது போன்ற குறிப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு, இடைமறிக்காமல் காத்திருங்கள்.

ஒப்படைக்குமுன் கொடைப் பத்திரத்தில் பதிப்புரிமை யாருக்கு, எப்பகுதியை எத்தனை ஆண்டுகள் பொதுப்பார்வைக்கு வைக்கக்கூடாது என்பவற்றை எழுத்தில் பெற்று, பேசியவரின் சம்மதக் கையொப்பத்தையும் இணைத்து, எல்லாவற்றிலும் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளவும்.