1860-இன் காரணிகள்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களிடம் 1860 என்று சொன்னால் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸிலிருந்து ஆள் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த எண் தெரியும். அதனால் காரணிப்படுத்தலை, அதாவது ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிப்பதை, இதிலேயே தொடங்குவேன்.

பலரும் 2 × 2 × 5 × 93 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். 93 பார்க்கப் பகா எண் போலத்தான் இருக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 12. ஆகவே 3 வகுக்கும். சரியான விடை 2 × 2 × 3 × 5 × 31. இதில் 1-ஐயும் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு. 1 பகா எண் அல்ல, அது வேண்டாம்.

அதிகம் பேர் விழும் குழி வேறொன்று. போன வாரம் ஒரு பெண் பலகையில் எழுதினாள்: "4 வகுக்கும், 6 வகுக்கும், அதனால் 24-உம் வகுக்கும்." வகுத்துப் பார் அம்மா என்றேன். 24 × 77 = 1848, மீதி 12. "ரெண்டும் தனித்தனியா வகுக்குதே ஆன்ட்டி!" என்றாள். 4-ஐ 2 × 2 என்றும் 6-ஐ 2 × 3 என்றும் பிரித்து எழுதச் சொன்னேன். 24-க்கு மூன்று 2 வேண்டும், 1860-இடம் இருப்பதோ இரண்டு. 6-இல் இருக்கும் 2, ஏற்கெனவே 4-க்குள் எண்ணப்பட்டதுதான். அதை மறுபடி எண்ணக் கூடாது. சாக்பீஸை வைத்துவிட்டு அந்த 2-ஐ விரலாலேயே அழித்தாள். மிஞ்சியது 12, அதாவது 4, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு. 4-உம் 15-உம் என்றால் பயமே இல்லை, 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது; 60 கட்டாயம் வகுக்கும். 60 × 31 = 1860. முப்பத்தோரு மணி நேரத்துக்குச் சரியாக 1860 நிமிடம்!

அப்புறம், மொத்தம் எத்தனை காரணிகள்? 2, 3, 5, 31 ஆகியவற்றின் அடுக்குகள் முறையே 2, 1, 1, 1. அவற்றைக் கூட்டி ஐந்து என்பார்கள். அது பகா காரணிகளின் கணக்கு. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்: மூன்று வழி. 3, 5, 31 ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. 3 × 2 × 2 × 2 = 24. 24-ஆல் வகுபடாத எண்ணுக்கு 24 காரணிகள் இருக்கின்றன! இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகள் குழம்புவதும் இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்லுங்கள்.

ஜோடி ஜோடியாக எழுதிச் சரிபார்க்கும்போது 30 × 62-ஓடு நின்றுவிட வேண்டாம். 31 × 60 விட்டுப்போகும். அதற்காக 1860 வரை தேட வேண்டியதும் இல்லை. 44 × 44 = 1936, கூடிவிட்டது; ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் சிறிய எண் 44-க்குக் கீழேதான் இருக்கும். 43 வரை பார்த்தால் போதும், பன்னிரண்டு ஜோடியும் கிடைத்துவிடும்.

தமிழ் எண்ணில் எழுத ஆசைப்படுபவர்களுக்கும் ஒன்று. பழைய முறையில் ௲௮௱௬௰, அதாவது ஆயிரம், எட்டு நூறு, ஆறு பத்து. அதில் சுழியம் வராது. இன்றைய இட மதிப்பு முறையில் ௧௮௬௦. இரண்டும் சரிதான், ஆனால் பாதி அதுவும் பாதி இதுவுமாகக் கலந்து ௲௮௱௬௦ என்று எழுதாதீர்கள்.