மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றியாக முளைப்பாரி வளர்க்கும் முறை

மதுரை மாவட்டத்தின் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் மாரியம்மனுக்கோ காளியம்மனுக்கோ பொங்கல் சாட்டிவிட்டால், அதாவது விழா நாளை ஊருக்கு அறிவித்துவிட்டால், வீட்டுப் பெண்கள் முதலில் தேடுவது முளைப்பாரிக்கான தானியத்தைத்தான். பெய்த மழைக்கும் வீடு வந்து சேர்ந்த விளைச்சலுக்கும் நன்றியாக, அந்தத் தானியத்திலேயே சிறிதளவை எடுத்து அம்மன் பெயரால் முளைக்க வைத்து, தலையில் சுமந்து சென்று நீரில் விடுவதே இந்த வழிபாடு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் ஆடி மாதத்தில் 10 நாள் முளைக்கொட்டு உற்சவம் நடைபெறுகிறது. சுவாமியின்றி அம்மன் மட்டும் ஆடி வீதிகளில் உலா வரும் விழா அது. இப்போது வளர்த்த பாரியை விலைக்கு வாங்கிச் சுமப்பவர்களும் உண்டு. நேர்த்திக்கடன் என்பது சுமப்பதில் மட்டுமன்றி வளர்ப்பதிலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால், வளர்க்கும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்பது வகைத் தானியம் என்பது பொது வழக்கு. எந்த ஒன்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். நெல், கம்பு, சோளம், கேழ்வரகு, பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, மொச்சை, துவரை ஆகியவை எளிதில் கிடைப்பவை. முழுத் தானியமாக இருக்க வேண்டும். தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது. விதைக் கடையில் சாயம் ஏற்றி விற்கப்படும் விதையைத் தவிர்க்க வேண்டும். அதில் பூஞ்சாணக்கொல்லி கலந்திருக்கும், பாரியைச் சுற்றியோ எப்போதும் குழந்தைகளின் கை இருக்கும். முளை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே, ஒவ்வொரு வகையிலும் 20 மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்ப்பது நல்லது. 16 மணிகளாவது முளைவிட்டால் அந்தத் தானியத்தை நம்பி எடுக்கலாம்.

காப்புக் கட்டும் நாளில் முத்துப் பரப்புவர், அதாவது தானியத்தைச் சட்டியில் விதைப்பர். அதற்கு முந்தைய நாளே நெல்லை ஊறப்போட வேண்டும். பயறு வகைகள் ஓர் இரவு ஊறினால் போதும். கம்புக்கும் கேழ்வரகுக்கும் சில மணி நேரமே தேவை. பாத்திரம் மண்சட்டியாக இருப்பதே சிறப்பு. அடியில் துளையிட்டு, அதன்மேல் வைக்கோலைப் பிரிபோல் சுற்றிப் பரப்பினால் மிகுதி நீர் வடிந்துவிடும், மண்ணும் தங்கும். கண்மாய்க் கரம்பை எனப்படும் வண்டல் மண் இரண்டு பங்கும், நன்கு காய்ந்து பொடிந்த ஆட்டுப்புழுக்கை அல்லது மாட்டெரு ஒரு பங்கும் கலந்து சட்டியில் முக்கால் அளவுக்கு நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. அதன் சூடு இளவேரைக் கருக்கிவிடும். மொச்சை, துவரை போன்ற பெரிய விதைகளை முதலில் பரப்பி, மெல்லிய எருத்தூளால் மூடி, அதன்மேல் சிறுதானியங்களை நெருக்கமாகத் தூவ வேண்டும். கேழ்வரகின் மேல் கனமாக மண் போட்டால் அது மேலே வரவே வராது.

இனிச் சட்டி இருட்டறைக்குள் போகிறது. முளைப்பாரியின் அழகுக்கெல்லாம் இந்த இருட்டே காரணம். வெளிச்சம் படாத பயிரில் பச்சையம் உண்டாவதில்லை. ஒளியைத் தேடித் தண்டு நீண்டுகொண்டே போகும். விதைக்குள் இருக்கும் சேமிப்பை உண்டு வளரும் அந்தப் பயிர் ஒரு வாரத்தில் ஒரு சாண் உயரத்தைத் தாண்டி, வெளிர் மஞ்சள் நிறத்தில் நிற்கும். கதவிடுக்கில் கீற்றளவு ஒளி புகுந்தாலும் பாரி முழுவதும் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால், சன்னலைச் சாக்கால் மறைக்க வேண்டும். அறைக்குள் ஒருவரே, விரதமிருந்து, செருப்பின்றிச் சென்று வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பயிருக்கும் அதுவே நல்லது.

மஞ்சள் கலந்த நீரைக் காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகலிலும் ஒருமுறை தெளிக்கலாம். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல் ஒன்று தெரியும். நீர் தெளித்ததும் அது படிந்து மறைந்தால் வேர்த்தூவி என்று அறிக. மறையாமல் நூலாம்படையாக விதைமேல் ஒட்டிக்கொண்டு புளித்த வாடையும் வந்தால் அது பூஞ்சாணம். அப்போது கெட்ட விதைகளைப் பொறுக்கி எடுத்து, சட்டியைச் சாய்த்து நீரை வடித்து, அன்றிரவு மட்டும் விளக்கில்லாமல் கதவைத் திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டும்.

பாரி வளரும் இரவுகளில் பெண்கள் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிக் கும்மியடித்துப் பாடுவர். முளை கண் திறந்தது முதல் அது வளரும் விதத்தை நாள் வாரியாகச் சொல்லும் பாட்டுகள் இன்றும் பல ஊர்களில் உண்டு. அவற்றைத் தெரிந்த அப்பத்தாக்களை முன்னால் நிறுத்தி, சிறுமிகளைப் பின்பாட்டுப் பாடச் சொல்வது, ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

எட்டாம் அல்லது ஒன்பதாம் நாள், ஊர் வழக்கப்படி பாரி எடுக்கலாம். நீண்ட தண்டுகள் முறியாதபடி வாழைநாரால் தளர்வாகச் சுற்றிக் கட்டி, மல்லிகைச் சரம் சூட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்ற வேண்டும். குலவையிட்டபடி ஊர்வலமாகச் சென்று கோயிலை வலம் வந்தபின் கண்மாய்க்கோ ஊருணிக்கோ புறப்படுவர்.

நீரில் விடும் முன் நெகிழி நூல், சரிகைத்தாள், பூக்கட்டிய நார் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். கண்மாய் வறண்டிருந்தால் கோயில் அருகே பெரிய தொட்டியில் நீர் நிரப்பி அதில் கரைக்கலாம். வடித்த மண்ணை வயலிலோ கொல்லையிலோ கொட்டுவது தகும். முளைகளை மட்டும் ஆடுமாடுகளுக்குப் போட்டுவிடக் கூடாது. அதில் சோளப்பயிர் கலந்திருக்கிறது. இளஞ்சோளத்தில் உண்டாகும் நஞ்சு கால்நடையைக் கொல்லக்கூடியது. ஆகவே பாரியைக் கரையோரத்தில் குவித்துவிட்டு வராமல், இடுப்பளவு நீருள்ள இடத்தில் பெரியவர்கள் இறங்கி அமிழ்த்திக் கரைக்க வேண்டும். அது முடியும்வரை அந்தக் கரையில் மேய்ச்சலை நிறுத்தி வைக்கும்படி ஆடு மேய்ப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.