பொய்ப்பேச்சைப் பொறுத்துக்கொள்ளும்போது செய்யக் கூடாத தவறுகள்

சர்ச்சில் ஊர்கூடி வசூல் போட்டு வைக்கும் பொது விருந்தான அசனம் முடிந்த மறுவாரமே நெல்லைச் சீமையில் ஏதாவது ஓர் ஊரில் பேச்சு கிளம்பிவிடும்: வசூல் பணத்தில் இன்னார் கை வைத்துவிட்டார். பீடி சுற்றும் திண்ணையில் இருந்து டீக்கடைக்கு வருவதற்குள் தொகை இரண்டு மடங்காகியிருக்கும். பெயர் அடிபட்டவர் ஒரு பைசா தொடாதவர் என்றே வைத்துக்கொள்வோம். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று பொறுத்துப்போக நினைக்கிறார். நல்லதுதான். ஆனால் அந்தப் பொறுமையிலும் கால் இடறும் இடங்கள் உண்டு.

முதலாவது, வாயே திறக்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நினைப்பது. எகிப்தில் தன் எஜமான் போத்திபாரின் மனைவி சொன்ன பொய்யால் சிறைக்குப் போன வேதாகம யோசேப்பு அப்படி இருக்கவில்லை. தான் ஒரு குற்றமும் செய்யவில்லை, ராஜாவான பார்வோனிடம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று, கூடச் சிறையில் இருந்து விடுதலையாகவிருந்த அரண்மனைப் பானபாத்திரக்காரனிடம் கேட்டார். சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொன்னார். அவன் மறந்துபோனான், மேலும் 2 வருஷம் சிறை. அவருடைய பொறுமைக்கு வேலை வந்தது அந்த 2 வருஷத்தில்தான்.

அசனக் கணக்கும் அப்படித்தான். ஆடு வாங்கியது, அரிசி, விறகு, சமையல்காரர் கூலி, பந்தல் என்று நோட்டையும் ரசீதையும் சபைகளைக் கவனிக்கும் சேகர குருவானவர் முன்பும் கமிட்டி முன்பும் வைத்துவிட வேண்டும். “அண்ணாச்சி, நீங்க பணத்துல கை வச்சிட்டியளாம்லா?” என்று யாராவது நேரிலேயே கேட்டால் கோபப்படாதீர்கள். முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேரே கேட்டாரே! “கணக்கு கமிட்டில இருக்கு, வாங்க பாத்துருவோம்” என்றால் போதும்.

சரி, சொல்லியாயிற்று. அப்புறம் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், இதுவரை கேள்விப்படாதவர் காதுக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகிவிடும். சிலர் ஒரு படி மேலே போய், வேதத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். சுடலை கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதைக் குறை சொல்பவர்களும் இதைச் செய்வார்கள். சத்தியமே பண்ண வேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல் என்பதுதானே மலைப்பிரசங்கம்?

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறொன்று. வீட்டு ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, என்மேல் அபாண்டம் சொன்ன அந்த வடக்குத் தெருக் குடும்பத்தை நீர் சந்தியும்” என்று சத்தமாக வேண்டுவது. வடக்குத் தெருவில் யார் என்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பதிலுக்கு ஒரு வதந்தி கிளம்பிவிட்டது. அதற்கு எல்லோரும் ஆமென் வேறு சொல்லியாயிற்று. ‘ஜெபக்குறிப்பு’ என்று வாட்ஸப்பில் அனுப்புவதும், எதிராளி பார்க்கட்டும் என்று சாப வசனமாகத் தேடி ஸ்டேட்டஸ் வைப்பதும் இதே ரகம்.

பேசியவர் வீட்டில் மாடு செத்தால், ‘பார்த்தியா, கர்த்தர் கேட்டுட்டார்’ என்று சந்தோஷப்படுவதும் வேண்டாம். நாளைக்கு நம் வீட்டு மாடு செத்தால் என்ன சொல்வது? யோசேப்பு எகிப்துக்கே அதிகாரியான பிறகு போத்திபார் வீட்டைப் பழிவாங்கியதாக ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தப் பேச்சுக்காகச் சபைக் கோயிலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள்.

பேச்சு ஒரு பெண்ணின் கல்யாணத்தையோ ஒருவரின் வேலையையோ கெடுக்கும் அளவுக்குப் போனால், சட்டத்தை நாடுவது அவிசுவாசம் ஆகாது. பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான அப்போஸ்தலன் பவுலே இராயனுக்கு அபயமிட்டவர்தான், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு கேட்டவர்தான். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் வருகிறது. போலீஸ் இதில் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் புகார் கொடுக்க வேண்டும். அதனால் வக்கீலைப் பார்க்கும்வரை அந்த வாட்ஸப் செய்திகளை, எரிச்சலில் கூட, அழித்துவிடாதீர்கள்.