மன அழுத்தத்தில் எடைப் பயிற்சி நின்றுபோனால்

மனம் பாரமாக இருக்கும் காலத்தில் பழைய அட்டவணையைக் கட்டிக்கொண்டு போராட வேண்டாம். வாரம் 2 நாள், ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுப்பது), ஒவ்வொன்றிலும் 2 செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) போதும். வலிமையை வளர்ப்பதைவிடத் தக்கவைக்க மிகக் குறைந்த பயிற்சியே தேவை.

சில வாரங்கள் இடைவெளி விழுந்திருந்தால் பழைய எடையில் 60 முதல் 70 சதவீதத்தில் தொடங்குங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: முதல் நாளே பழைய எடையைத் தூக்கினால் அடுத்த இரண்டு நாளும் தசைவலி வாட்டும், அடுத்த பயிற்சி தள்ளிப்போகும். இன்னும் 3 முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்துங்கள். தூக்கம் கெட்ட இரவுக்குப் பிறகு இது இன்னும் முக்கியம்.

மனமே வராத நாளில் வார்ம்-அப்பும் ஒரே ஒரு செட்டும் செய்யுங்கள். பெரும்பாலும் உடல் சூடேறியதும் மீதியும் நடந்துவிடும். நடக்காவிட்டால் குற்ற உணர்வின்றிக் கிளம்புங்கள்.