வெள்ளை பேஜ்ல காணாம போகாத மல்லி கர்சர்

மதுரைக்காரங்க விண்டோஸுக்கு மவுஸ் கர்சர், அதான் ஸ்க்ரீன்ல ஓடுற அம்பு, டிசைன் பண்ணா மல்லி மொட்டுல ஆரம்பிக்கிறதுதான் முறை, அதையே பண்ணுவோம். என்ன சிக்கல்னா மொட்டும் வெள்ளை, வேர்ட் பேஜும் வெள்ளை.

1. இன்வெர்ட்டட் கலர் (பின்னாடி இருக்கிற கலர தலைகீழாக்கிக் காட்டுறது) இருக்கிற ஐகான் எடிட்டர் ஒண்ணு எடுத்துக்கங்க, பெயிண்ட்ல இது வராது. 32க்கு 32 பிக்சல், 256 கலர்ல புது கர்சர் ஓபன் பண்ணுங்க. பின்னாடி கட்டம் கட்டமா தெரியிறதுதான் ட்ரான்ஸ்பரன்ட், அதுல வெள்ளையடிச்சு மூடிராதீங்க, அப்பறம் மொட்டோட ஒரு வெள்ளை சதுரமும் சேந்தே நகரும்.

2. மொட்டு நுனி இடது மேல் மூலைய பாத்து இருக்கட்டும், பச்சை காம்பு வலது பக்கம் கீழ இறங்கட்டும், நம்மூரு மல்லிக்கு காம்பு நீளம்ங்கிறதால தாராளமா விடுங்க. உள்ள வெள்ளை ஃபில்.

3. இப்பதான் முக்கியமான வேலை. மொட்ட சுத்தி ஒரே ஒரு பிக்சல் தடிமன்ல இன்வெர்ட்டட் கலர்ல அவுட்லைன் போடுங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னா, கர்சர் ஃபைல்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆண்ட், எக்ஸார்னு ரெண்டு மாஸ்க், அதாவது அந்த பிக்சல எப்படி காட்டணும்னு சொல்ற ரெண்டு மதிப்பு இருக்கு, ஆண்ட் 1 எக்ஸார் கறுப்புன்னா பின்னாடி இருக்கிறது அப்படியே தெரியும், ஆண்ட் 1 எக்ஸார் வெள்ளைன்னா பின்னாடி கலர் அப்படியே தலைகீழாயிரும், வெள்ளை கறுப்பாகும், மஞ்ச நீலமாகும். டைப் பண்ணும்போது வர்ற ஐ மாதிரி கர்சர் கறுப்பு பேஜ்லயும் வெள்ளை பேஜ்லயும் தெரியிறது இதனாலதான்.

அப்ப மொட்டு முழுக்க இன்வெர்ட் போட்டா என்னன்னு தோணும், போடாதீங்க. கல்யாண பத்திரிகை டிசைன் பண்ற சாஃப்ட்வேர்ல பேஜ சுத்தி க்ரே இருக்கும்ல, கறுப்பு 0, வெள்ளை 255ன்னு வச்சா அது நடுவுல 128 க்ரேவா இருந்தா, இன்வெர்ட் பண்ணா 255ல 128 போக 127, ரெண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கர்சர் மாயமாயிரும். உள்ள வெள்ளை ஃபில் இருந்தா அங்கயும் தப்பிச்சிரும்.

4. ஹாட்ஸ்பாட்ட மொட்டு நுனி பிக்சல்ல வைங்க, க்ளிக் விழுறது அங்கதான். காம்புல வச்சா ஒரு பட்டனையும் சரியா அமுக்க முடியாது.

ஓரம் வழவழன்னு வேணும், நிழல் வேணும்னா 32 பிட் ஆல்ஃபா (ஒவ்வொரு பிக்சலும் பின்னாடி இருக்கிறத எவ்வளவு மறைக்கணும்னு சொல்றது) இருக்கு, 2001ல விண்டோஸ் எக்ஸ்பியோட வந்தது, 0 முழு ட்ரான்ஸ்பரன்ட், 255 முழுசா மறைக்கும். ஆனா அதுல இன்வெர்ட் வராது, ரெண்டுல ஒண்ணுதான். என்னைய கேட்டா ஐகானுக்கு ஆல்ஃபா, கர்சருக்கு இன்வெர்ட்.

5. சேவ் பண்ணி கன்ட்ரோல் பேனல், மவுஸ், பாய்ன்டர்ஸ்ல போய் ப்ரவுஸ் குடுத்து செட் பண்ணுங்க. வெள்ளை, கறுப்பு, க்ரே மூணு மேலயும் ஓட்டி பாருங்க, க்ரே மேல காம்பு மங்கலா தெரிஞ்சா பச்சைய இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்குங்க.