பழைய பெட்ரோல் டிராக்டரில் இறுகிப்போன டிஸ்ட்ரிபியூட்டர்: நாங்கள் செய்த தவறுகளும் நீங்கள் செய்யக் கூடாதவையும்

கிருஷ்ணகிரிப் பக்கம் டிராக்டர் என்றாலே டீசல்தான். ஸ்பார்க் பிளக் வைத்த டிராக்டரைக் காட்டினால் இப்போதைய மெக்கானிக் பையன்கள் "இன்ஜெக்டர் எங்கண்ணா?" என்று தேடுகிறார்கள். காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பு ஷெட் ஒன்றில் பல வருடம் நின்றிருந்த சாம்பல் நிற பெர்குசன் எங்கள் கைக்கு வந்தபோது அதுதான் நடந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான டிஇ-20 வரிசையில் பெட்ரோலில் ஓடும் வண்டி அது. பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷனில், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்பட, ஒரு பாகமும் அசையவில்லை. இத்தனை வருடத் துரு செய்த சேதம் கொஞ்சம்தான், முதல் அரைமணி நேரத்தில் நாங்கள் செய்ததுதான் அதிகம்.

"ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாத்துடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு, இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலிருந்து சுற்றுவது. தண்டு அதைத் தாங்கும் புஷ்ஷில் இறுகியிருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால், தண்டை ஓட்டும் பல்சக்கரமோ அடியிலுள்ள கவ்வியோ உடையும். உடைந்த துண்டு இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குப் போய்விடும். இந்த வண்டியில் இன்னொரு வம்பும் உண்டு. செல்ஃபுக்குத் தனிப் பட்டன் கிடையாது, கியர் லீவரை 'எஸ்' பக்கம் தள்ளினால் ஸ்டார்ட்டர் சுற்றும். சீட்டில் ஏறி விளையாடும் பிள்ளை அதைத் தட்டிவிட்டால் உள்ளே இருப்பது உங்கள் கை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிளக் குழிகளில் எங்களுக்குக் கிடைத்தது குளவிக்கூடு. செம்மண்ணில் கட்டிய கூடு, கல் மாதிரி. திருப்புளியால் குடைந்து அப்படியே பிளக்கைக் கழற்றினால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் விழும். பஞ்சர் கடைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அப்புறம் முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். கால் சுற்று வந்து கிறீச்சிட்டால் அதோடு நிறுத்தித் திரும்ப இறுக்கி, இன்னும் எண்ணெய் விட வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் மரை போய்விடும். ஹெட் அலுமினியமாக இருந்தால் சூட்டோடு கழற்றவே கூடாது.

எண்ணெய் என்றதும் எல்லோரும் டபிள்யூடி-40 வாங்கி வருகிறார்கள். அந்தப் பெயரின் பொருளே நீரை விலக்குவது என்பதுதான். நாள்பட்ட துருவுக்கு, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து விடுவது நல்லது. இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் பீடியோடு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

சரி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருவோம். அதன் உடம்பு மெத்தென்ற உலோகக் கலவை, அது உட்கார்ந்திருக்கும் பிளாக்கோ வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே ஈரம் இறங்கினால் வெள்ளைப் பொடி பூத்து, சிமென்ட் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். நாங்கள் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் திருப்புளியை இடுக்கில் செருகி மேலே நெம்பினோம். 'டக்' என்று ஓரத்தில் ஒரு துண்டு கையோடு வந்தது. பிறகுதான் பாலக்கோட்டிலிருந்து அம்பாசடர் காலத்து மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தோம். பார்த்ததும் அவர் கேட்டது: "தம்பி, இதை ஏன் தூக்கறீங்க? திருப்புங்க."

ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் கை) எந்தப் பக்கம் பார்க்கிறது, உடம்பு பிளாக்கோடு எந்த இடத்தில் சேர்கிறது என்று இரண்டையும் அவர் முதலில் கோடு போட்டுக்கொண்டார். பிளக் ஒயர்களுக்கு எண் கட்டினார் (இந்த இன்ஜினில் சிலிண்டர்களில் நெருப்பு விழும் வரிசை 1-3-4-2). பிறகு காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, புளியங்கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். உடம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றி, ஆயில் ஃபில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பேனரைப் போட்டு இடமும் வலமுமாக அசைத்தார். நான்கு நாள் கல்லாக இருந்தது ஐந்தாம் நாள் நூலளவு நகர்ந்தது. அசைவு வந்த பிறகு கழற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நடுவில் கேஸ் வெல்டிங்கால் சூடு காட்டலாமா என்று நானும் கேட்டேன். பெர்குசனில் பெட்ரோல் டேங்க் இன்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது. அவர் பதில் சொல்லவில்லை, டேங்கை மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே எடுத்தாலும் வேலை முடிந்துவிடாது. பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் தொடுமுனை) தட்டுக்கு அடியில், வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டி வரவைக்கும் அட்வான்ஸ் எடைகளைப் பலர் பார்ப்பதே இல்லை. ரோட்டரைச் சுழலும் திசையில் விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் உள்ளே எடைகள் ஒட்டியிருக்கின்றன. முன்தள்ளிய நிலையில் ஒட்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது நெருப்பு முந்திக்கொள்ளும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் கிராங்க் கம்பி பின்னோக்கி உதைக்கும், மணிக்கட்டு எலும்பே முறியும். ரோட்டரைக் கழற்றி மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாலே பெரும்பாலும் இளகும். கிரீஸ் வைக்காதீர்கள், காய்ந்து மறுபடி ஒட்டும். எண்ணெய் பாயிண்டில் பட்டால் அதுவும் கெடுதல்தான். பாயிண்டை எமரித் தாளால் தேய்த்தால் தாளின் துகள் பாயிண்டின் முகப்பில் பதிந்து நெருப்பைத் தடுக்கும். மெல்லிய அரத்தால் ஓரிரு இழுப்பு, பிறகு வெள்ளைத் தாளைச் செருகித் துடைத்தால் போதும்.

மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே தீப்பொறிக்கு மின்சாரம் தருவது) வைத்த வண்டி என்றால், கையால் மெதுவாகச் சுற்றும்போது 'டக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது மேக்னெட்டோவைச் சட்டென்று உந்திவிடும் இம்பல்ஸ் கப்ளிங்கின் கொக்கி பழைய கிரீஸில் ஒட்டியிருக்கலாம். அதை மட்டும் கழுவுங்கள். மொத்த மேக்னெட்டோவையும் தின்னரில் முக்கினால் காயிலின் வார்னிஷ் கரைந்துவிடும்.

எங்கள் உடைந்த ஓரத்தை ஓசூர் லேத் பட்டறை ஒன்றில் ஒட்டிக் கடைந்து கொடுத்தார்கள். திரும்ப மாட்டும்போது அண்ணன் தண்டைச் சுற்றி, மறுபடி இறுகாமல் இருக்கச் செம்புப் பசையை லேசாகத் தடவினார். கிளாம்பை இறுக்குவதற்கு முன்னால் ஒருமுறை கையால் திருப்பிக் காட்டி, "அடுத்தவன் கழட்டணும்ல" என்றார்.